கதிரடிக்கும் மெஷினில் தொடங்கி வாஷிங் மெஷின் வரை... யார் இந்த மேடேக்?

டாப் லோடு வாஷிங் மெஷினைத் திறந்து பார்த்தால் அடியில் ஒரு தட்டு இருக்கும். பெயர் பல்சேட்டர். துவைக்கிற பாகத்தை ஏன் அடியில் வைத்திருக்கிறார்கள்? பதில் தெரிய 100 வருஷம் பின்னால் போகணும்.

யார் இவர்?

ஃபிரெடெரிக் லூயிஸ் மேடேக், 1857-ல் பிறந்த அமெரிக்க விவசாயி மகன். 1893-ல் அயோவா மாகாணத்தின் நியூட்டன் என்ற சிறிய ஊரில், மூன்று பேருடன் கூட்டு சேர்ந்து கம்பெனி ஆரம்பித்தார். கதிரடிக்கும் மெஷினுக்குள் கதிர்க்கட்டைத் தள்ளும் கருவிதான் தயாரிப்பு.

வாஷிங் மெஷினுக்கு ஏன் வந்தார்?

அறுவடை சீசன் முடிந்தால் வியாபாரம் படுத்துவிடும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் 1907-ல் மரத்தொட்டி வாஷிங் மெஷினை இறக்கினார். கையால் சுற்றணும். வாஷிங் மெஷினைக் கண்டுபிடித்தவர் இவர் இல்லை. ஏற்கெனவே பலர் விற்றுக்கொண்டிருந்தார்கள். ஆனால், கிராமத்து வீடுகளில் கரன்ட் இல்லை என்பது இவருக்குத் தெரியும். அதனால் பெட்ரோல் இன்ஜினில் ஓடும் மாடலையும் கொண்டுவந்தார்.

1922-ல் என்ன மாறியது?

அதுவரை பல மெஷின்களில் துணியை அலசும் பாகம் மூடியிலிருந்து தொங்கும். அது துணியைப் பிடித்து தண்ணீருக்குள் இழுக்கும். துணி நைந்துபோகும். மேடேக் கம்பெனியின் ஹோவர்ட் ஸ்னைடர் அதை அப்படியே தொட்டியின் அடிக்கு மாற்றினார். இப்போது இழுபடுவது துணி இல்லை. தண்ணீர்தான் துணிக்குள் புகுந்து வெளியே வரும். ‘கைராஃபோம்’ என்ற அந்த மாடல் விற்பனையில் பிய்த்துக்கொண்டு போனது. 65 வயதில் மேடேக்கின் தொழிலே திசை மாறியது. விவசாயக் கருவிகளைக் கைவிட்டு, வாஷிங் மெஷின் மட்டுமே என்றானது கம்பெனி.

1937-ல், 79 வயதில் மேடேக் இறந்தார். 2006-ல் கம்பெனியை வேர்ல்பூல் வாங்கியது. அடுத்த வருஷமே நியூட்டன் ஆலையும் மூடப்பட்டது.

நமக்கு என்ன பாடம்?

பல்சேட்டரும் செய்வது அதே வேலைதான். அழுக்கு போக, சோப்புத் தண்ணீர் துணிகளுக்கு நடுவே ஓடணும். ஒரே தடவையில் முடிச்சிடலாம்னு டிரம்மை அமுக்கி நிரப்பினால் தண்ணீருக்கு வழி இருக்காது; நடுவில் இருக்கும் துணி நனையும், வெளுக்காது. மேலே கொஞ்சம் இடம் விட்டு, துணிகளை உதறித் தளர்வாகப் போடுங்க. இரண்டு தடவையாகப் பிரித்துப் போட்டாலும் நஷ்டம் இல்லை.