நிலைகுலையா நெஞ்சினர் சுல்தான் கான்

விளையாட்டில் வெல்வதற்கு அறிவு வேண்டும், பயிற்சி வேண்டும். இவ்விரண்டும் நிறைந்திருந்தும் தோற்றவர் பலர். ஏன் தோற்றனர்? ஒரு முறை இழந்ததும் அவர்தம் நெஞ்சு நிலைகுலைந்தது. நெஞ்சு குலைந்தபின் அறிவு கைகொடுப்பதில்லை. இவ்வுண்மையைச் சீட்டாட்டக்காரர்களிடம் தெளிவாகக் காணலாம்.

நான் பிறந்த எக்கியார்குப்பம் ஒரு மீனவர் ஊர். கிழக்கே வங்கக் கடல். மரக்காணம் பக்கம் திரும்பினால் வெள்ளை வெளேரென உப்பளங்கள். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம். அந்நாள்களில் வலையைப் பழுது பார்த்தது போக மிஞ்சும் பொழுதில், நிழல் கண்ட இடத்தில் சீட்டுக்கட்டு விரிவதுண்டு. ரம்மியோ, மூணு சீட்டோ, மங்காத்தாவோ எதுவாயினும் நான் கண்ட காட்சி ஒன்றே. முதலில் இழப்பவர் சிறிய தொகையைத்தான் இழப்பார். பின்னர் இழந்ததை மீட்க வேண்டும் என்ற வெறி பிறக்கும். முகம் சிவக்கும், குரல் உயரும், பந்தயம் இரட்டிப்பாகும். எதிரே இருப்பவர் அவர் கையிலுள்ள சீட்டைப் பார்க்க வேண்டியதே இல்லை. முகத்தைப் பார்த்தாலே போதும்.

மேலைநாட்டில் போக்கர் என்றொரு சீட்டாட்டம் உண்டு. நம் மூணு சீட்டுக்கு உறவு முறை உடையது. ஓர் ஆட்டத்தை இழந்த ஆத்திரத்தில் அடுத்த ஆட்டத்தைக் கண்மூடித்தனமாக ஆடும் நிலைக்கு அவ்வாட்டக்காரர்கள் ‘டில்ட்’ என்று பெயர் வைத்துள்ளனர். சாய்ந்து போதல் என்பது அதன் பொருள். எந்த உணர்ச்சியையும் காட்டாத முகத்தைப் போக்கர் முகம் என்பர். ஆயினும் முகத்தை அடக்குவது பாதி வேலைதான். உள்ளே மனம் கொந்தளிக்குமாயின், முகம் மறைத்ததைக் கை காட்டிக் கொடுத்துவிடும்.

முகத்தோடு மனத்தையும் அடக்கி ஆண்ட ஒருவரை இந்திய மண்ணில் தேடியபோது எனக்குக் கிடைத்தவர் மீர் சுல்தான் கான். அவர் ஆடியது சீட்டாட்டம் அன்று, சதுரங்கம். சதுரங்கத்தில் மறைத்து வைக்க ஏதும் இல்லை. காய்கள் யாவும் இருவர் கண் முன்னே நிற்கும். தோற்றால் சீட்டின் மீது பழிபோட இயலாது. ஆகவே தோல்வியின் சுமை சீட்டாட்டத்தைவிட இங்கே கனமானது என்பேன். அச்சுமையைத் தாங்கிய மனிதரின் வரலாற்றை மாணவ நண்பர்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

பிறப்பும் இளமையும்

இன்று பாகிஸ்தானில் உள்ள பஞ்சாப் பகுதியில் மிட்டா திவானா என்ற ஊரில், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுல்தான் கான் பிறந்தார். தந்தையிடம் ஒன்பது வயதளவில் சதுரங்கம் கற்றார். அவர் கற்றது நம் நாட்டு முறைச் சதுரங்கம். ஐரோப்பிய முறையில் சிப்பாய் தன் முதல் நகர்த்தலில் இரண்டு கட்டம் பாயலாம். நம் முறையில் ஒரு கட்டமே செல்லும். அரசனைக் காக்கக் கோட்டை கட்டும் ஐரோப்பிய முறையும் இங்கு இல்லை. எனவே நம் நாட்டு ஆட்டம் மெதுவாகத் தொடங்கும். பொறுமையோடு படையைத் திரட்டிய பின்னரே போர் மூளும். இப்பொறுமை அவர் குருதியில் ஊறியது.

அப்பகுதியின் பெருநிலக்கிழாரான சர் உமர் ஹயாத் கான் சதுரங்கத்தில் பற்றுடையவர். 1926-இல் அவர் இளைஞர் சுல்தான் கானைத் தம் ஆதரவில் சேர்த்துக்கொண்டு ஐரோப்பிய விதிகளைக் கற்பித்தார். இரண்டே ஆண்டுகளில், 1928-இல், அனைத்திந்தியப் போட்டியில் சுல்தான் கான் எட்டு ஆட்டங்களில் வென்று, ஒன்றைச் சமநிலையில் முடித்து, ஒன்றிலும் தோற்காமல் வாகை சூடினார்.

கடல் கடந்த களம்

1929-ஆம் ஆண்டு வேனிற்காலத்தில் சர் உமர் அவரை இலண்டனுக்கு அழைத்துச் சென்றார். மொழி புதிது, உணவு புதிது, குளிர் புதிது. ஐரோப்பியர் நூல்களில் ஆராய்ந்து எழுதி வைத்திருந்த தொடக்க ஆட்ட முறைகளோ அவருக்கு முற்றிலும் புதியவை. அவருக்குப் பயிற்சியாக ஒரு சிறு போட்டி நடத்தப் பெற்றது. அதன் முடிவு என்ன? வில்லியம் வின்டர், பிரெடெரிக் யேட்ஸ் ஆகியோருக்குப் பின்னால், கடைசி இடத்தைப் பகிர்ந்துகொண்டார் இந்தியாவின் வாகையர்.

இங்கே சற்று நின்று எண்ணிப் பாருங்கள். தாய்நாட்டு வாகையர் போட்டியில் தோல்வியே காணாதவர், அழைத்து வந்த புரவலரின் கண்முன்னே, அயலார் நடுவில் கடைசி இடம் பெறுகிறார். வேறொருவராயின் மனம் உடைந்து ஊர் திரும்பியிருப்பார். அல்லது அடுத்த போட்டியில் ஆத்திரத்தோடு பாய்ந்து அடியோடு வீழ்ந்திருப்பார். சுல்தான் கான் இரண்டையும் செய்யவில்லை. தம்மை முந்திய வின்டரிடமும் யேட்சிடமுமே அமர்ந்து பயின்றார். அதே கோடையில் ராம்ஸ்கேட் நகரில் பிரிட்டிஷ் வாகையர் போட்டி நடைபெற்றது. அதில் முதலிடம் பெற்றார் சுல்தான் கான்! சில மாதங்களுக்கு முன் கடைசியில் நின்றவர் ஆண்டு முடியுமுன்னே பேரரசின் தலைநாட்டு வாகையர் ஆனார்.

மாவீரரை வென்ற நாள்

அவ்வாண்டு இறுதியில் இந்தியா திரும்பிய அவர், 1930-இல் மீண்டும் ஐரோப்பா சென்றார். பெல்ஜியத்தின் லியேழ் நகரில் டார்டகோவருக்கு அடுத்து இரண்டாம் இடம் பெற்றார். 1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில்தான் அவர் புகழ் உச்சிக்கு ஏறியது. அங்கே அவருக்கு எதிரே அமர்ந்தவர் கியூபாவின் காபபிளாங்கா. 1921 முதல் 1927 வரை உலக வாகையராக விளங்கியவர்; தோற்பதே அரிது எனப் பெயர் பெற்றவர். அந்த ஆட்டம் அறுபதுக்கும் மேற்பட்ட நகர்த்தல்கள் நீண்டது. மின்னல் தாக்குதல் ஏதுமில்லை. சிறிது சிறிதாக நெருக்கி, இறுதியில் அம்மாவீரரைப் பணியவைத்தார் சுல்தான் கான். அப்போட்டியில் ஆய்வே முதலிடமும், காபபிளாங்கா இரண்டாமிடமும், நம்மவர் மூன்றாமிடமும் பெற்றனர்.

1931 ஜனவரியில் டார்டகோவரோடு பன்னிரண்டு ஆட்டங்கள் கொண்ட தனிப் போட்டி நடந்தது. நான்கில் வென்று, மூன்றில் தோற்று, ஐந்தைச் சமநிலையில் முடித்து வெற்றி கண்டார். இக்கணக்கை நான் பெரிதாக மதிக்கிறேன். மூன்று தோல்விகள்! ஒவ்வொரு தோல்விக்குப் பின்னும் அதே மனிதரின் எதிரே, அதே பலகையின் முன்னே மீண்டும் அமர வேண்டும். முந்தைய ஆட்டத்தின் காயத்தை அடுத்த ஆட்டத்துக்குள் கொண்டு வராதவரே அங்ஙனம் வெல்ல முடியும்.

நாடுகள் மோதும் ஒலிம்பியாட் போட்டிகளில் 1930-இல் ஹாம்பர்க், 1931-இல் பிராக், 1933-இல் போக்ஸ்டன் ஆகிய நகரங்களில் இங்கிலாந்து அணியின் முதற்பலகையில் ஆடினார். ஒவ்வொரு நாட்டின் தலைசிறந்த வீரரையே அங்குச் சந்திக்க நேரும். பிராக் நகரில் 17 ஆட்டங்களில் 8 வெற்றி, 7 சமநிலை, 2 தோல்வி. புளோரையும் ரூபின்ஸ்டைனையும் வென்றார். உலக வாகையர் அலெகினோடு சமநிலை கண்டார். 1932-இலும் 1933-இலும் பிரிட்டிஷ் வாகையர் பட்டம் மீண்டும் அவருடையதாயிற்று.

இவ்வெற்றிகளெல்லாம் நலமுள்ள உடம்போடு பெற்றவை அல்ல. மலேரியாக் காய்ச்சல் அவரை அடிக்கடி வாட்டியது. ஆங்கில நாட்டுக் குளிர்காலத்தில் சளியும் தொண்டை நோயும் விடாமல் தொடர்ந்தன. கழுத்தில் துணி சுற்றிக்கொண்டே பல நாள்கள் ஆட வந்தார்.

அமைதியின் அடிப்படை எது?

அவருடைய ஆட்டக் குறிப்புகளை நம் கல்லூரிச் சதுரங்கப் பலகையில் நான் ஆடிப் பார்த்ததுண்டு. தொடக்கத்தில் பலமுறை இடர்ப்பட்ட நிலைக்கு வந்துவிடுகிறார். நூலறிவு இல்லாமையின் விளைவு அது. ஆனால் அங்கே அவர் பதறுவதில்லை. இழந்ததை ஒரே அடியில் மீட்க முயலாமல், இருக்கும் நிலையில் சிறந்த நகர்த்தல் எது என்பதை மட்டும் தேடுகிறார். இறுதிக்கட்ட ஆட்டத்தில் உலகின் தலைசிறந்த சிலருள் ஒருவர் என அவரை வல்லுநர் மதித்ததன் காரணம் இதுவே எனக் கருதுகிறேன்.

எங்கள் பக்கத்து உப்பளத் தொழிலாளரிடமும் இக்குணத்தைக் காணலாம். பாத்தியில் நீர் பாய்ச்சி, வெயிலில் காயவிட்டு, உப்பு பூத்து வரும் வேளையில் பருவம் தப்பிய மழை ஒன்று கொட்டும். பல நாள் உழைப்பு ஓரிரவில் கரைந்து போகும். மறுநாள் அவர்கள் மழையோடு சண்டையிடுவதில்லை. தேங்கிய நீரை வடித்துப் பாத்தியை மிதித்துச் செம்மை செய்கிறார்கள். கரைந்த உப்பை ஒரே நாளில் மீட்டுவிட எவரும் எண்ணுவதில்லை. சீட்டாடுபவர் மட்டும் அப்படி எண்ணுகிறார்.

விருந்து மண்டபத்தில்

அவர் வாழ்வில் ஒரு செய்தி என் நெஞ்சை உறுத்துகிறது. 1933-இல் போக்ஸ்டன் ஒலிம்பியாடுக்கு வந்த அமெரிக்க அணியினரைச் சர் உமர் தம் இலண்டன் இல்லத்திற்கு விருந்துக்கு அழைத்தார். அங்கே தங்களுக்கு உணவு பரிமாறியவர் சுல்தான் கானே என்று அவ்வணியைச் சேர்ந்த ரூபன் பைன் பின்னாளில் எழுதியுள்ளார். உலக வீரர்களோடு சமமாக அமர்ந்து ஆடியவர், அவர்களுக்கே பணியாளராக நிற்பதா என அவர்கள் கூசினராம். சுல்தான் கான் பணியாளராக இருந்தார் என்பதை அவர் குடும்பத்தார் மறுத்துள்ளனர். எது எவ்வாறாயினும், பிறர் ஆதரவில், பிறர் விருப்பப்படி பயணம் செய்து, பிறர் நாட்டுக்காக ஆடியவர் அவர் என்பதில் ஐயமில்லை. அந்நிலையிலும் அவர் ஆட்டத்தில் கசப்பு கலக்கவில்லை.

சர் உமரின் இல்லத்தைச் சேர்ந்த பாத்திமா என்ற நங்கையும் 1933-இல் பிரிட்டிஷ் மகளிர் வாகையர் ஆனார். பத்து வெற்றி, ஒரு சமநிலை, தோல்வியே இல்லை. தாயகம் திரும்பியபோது சுல்தான் கான் சிறையிலிருந்து விடுபட்டவர் போல் உணர்ந்தார் என்று அவர் பின்னாளில் நினைவு கூர்ந்தார். எவ்வளவு துயரை உள்ளடக்கிக்கொண்டு அந்த மனிதர் காய் நகர்த்தினார் என்பது இதனால் விளங்கும்.

எழுந்து சென்றவர்

1933 டிசம்பரில் சுல்தான் கான் ஊர் திரும்பினார். 1935-இல் காடில்கரோடு பத்து ஆட்டங்கள் ஆடி ஒன்பதில் வென்று, ஒன்றைச் சமநிலையில் முடித்தார். அதன்பின் உலகச் சதுரங்கம் அவரைக் காணவில்லை. நிலத்தில் உழவு செய்து வாழ்ந்தார். தம் பிள்ளைகளுக்குச் சதுரங்கம் பயிற்றுவிக்க அவர் முன்வரவில்லை. அதனினும் பயனுள்ள எதையேனும் வாழ்வில் செய்யுமாறு கூறிவிட்டார். உலகச் சதுரங்கக் கழகம் 1950-இல் முதன்முதலாக 27 பேருக்குக் கிராண்ட்மாஸ்டர் பட்டம் வழங்கியபோது அவர் பெயர் அதில் இல்லை. 1966 ஏப்ரல் 25 அன்று சர்கோதாவில் காசநோயால் மறைந்தார். அவர் இறந்து ஏறத்தாழ 58 ஆண்டுகள் கழிந்தபின், 2024-இல்தான் மதிப்புறு கிராண்ட்மாஸ்டர் பட்டம் அவருக்கு அளிக்கப் பெற்றது.

அவர் வாழ்வில் நான் பெரிதும் வியப்பது, காபபிளாங்காவை வென்றதை அன்று. எழுந்து செல்லத் தெரிந்ததையே. புகழ் என்பதும் ஒரு பந்தயம்தான். அதை இன்னும் இன்னும் என்று துரத்தியவர்கள் உண்டு. அவரோ நிலத்துக்குத் திரும்பி அமைதியாக வாழ்ந்தார்.

நண்பர்களே, இன்று சீட்டுக்கட்டு நம் சட்டைப்பையில் உள்ள கைப்பேசிக்குள் புகுந்துவிட்டது. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களுக்கு எதிராக 2022-இல் தமிழ்நாடு அரசும், 2025-இல் நடுவண் அரசும் சட்டம் இயற்ற நேர்ந்தது. தடைக்காலத்து நிழலில் எதிரே இருப்பவர் நம் ஊர்க்காரர். போதும் எழுந்திரு என்று சொல்வார். கைப்பேசிக்குள் இருக்கும் எதிரி அங்ஙனம் சொல்வதில்லை. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த நம்மில் ஒருவர், விடுதிக் கட்டணத்துக்கு வீட்டார் அனுப்பிய பணத்தை ஓரிரவில் இழந்தால், இழந்ததை மீட்க மறுநாள் கடன் வாங்கத் தோன்றும். அந்த நொடியில்தான் நெஞ்சின் உறுதி தேவைப்படுகிறது. பணம் வைத்த ஆட்டத்தில் உறுதியுள்ளவர் செய்ய வேண்டியது ஒன்றே, எழுந்து விடுவது.

ஆட வேண்டிய களங்கள் நமக்கு வேறு உள்ளன. 2022-இல் 44-ஆம் சதுரங்க ஒலிம்பியாட், எங்கள் ஊரை ஒட்டிச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே உள்ள மாமல்லபுரத்திலேயே நடைபெற்றது. சுல்தான் கான் அந்நிய நாட்டுக் கொடியின் கீழ் ஆடிய அதே போட்டி அது! களம் நம் வாயிலுக்கே வந்துவிட்டது. பலகையில் தோற்றாலும், தேர்வில் ஒரு தாள் தவறினாலும், தம்மை வென்றவரிடமே அமர்ந்து பயின்ற அந்தப் பஞ்சாப் இளைஞரை நினைத்துக்கொள்வோம். கடைசி இடத்துக்கும் முதலிடத்துக்கும் இடையே அவருக்கு இருந்தவை சில மாதங்களே.