டி. வி. சுந்தரம் அய்யங்கார்

டி. வி. சுந்தரம் அய்யங்கார் (மார்ச் 22, 1877 – ஏப்ரல் 28, 1955) தமிழ்நாட்டைச் சேர்ந்த தொழிலதிபர். தென்னிந்தியாவில் மோட்டார் போக்குவரத்துத் தொழிலுக்கு வித்திட்டவர்களுள் முதன்மையானவர். டிவிஎஸ் என்ற பெயர் இவரது பெயரின் முதலெழுத்துகளே.

வாழ்க்கைச் சுருக்கம்

திருநெல்வேலி மாவட்டம் திருக்குறுங்குடியில் பிறந்தார். தொடக்கத்தில் சட்டத்துறையிலும், பின்னர் இரயில்வேயிலும் வங்கியிலும் பணியாற்றினார். நிலையான மாத வருமானத்தை விட்டுவிட்டு மோட்டார் தொழிலில் இறங்கினார். பேருந்து என்பதையே மக்கள் அறியாதிருந்த காலம் அது. மாட்டு வண்டிக்காகப் போடப்பட்ட சாலைகளில் இயந்திர வண்டி ஓட்டி இலாபம் ஈட்ட முடியும் என்பதற்கு அப்போது எந்த உறுதியும் இல்லை.

பேருந்து சேவை

1912-இல் இவரது பேருந்து சேவை தொடங்கியது. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு டி. வி. சுந்தரம் அய்யங்கார் அண்டு சன்ஸ் நிறுவனமும், பேருந்துகளையும் சரக்குந்துகளையும் இயக்கிய சதர்ன் ரோட்வேஸ் நிறுவனமும் வளர்ந்தன. காலந்தவறாமைக்கு இவரது பேருந்துகள் பெயர் பெற்றிருந்தன. வண்டி வருவதைக் கொண்டு கடிகாரத்தைச் சரி செய்துகொள்ளலாம் என்று மதுரை வட்டாரத்தில் பேசப்பட்டதுண்டு. சாலையில் உதிர்ந்து கிடக்கும் லாட ஆணிகள் டயரைப் பதம் பார்க்காமலிருக்க, காந்தம் பொருத்திய வண்டியால் அவை பொறுக்கப்பட்டதாகவும் கூறுவர்.

இரண்டாம் உலகப்போரின்போது சென்னை மாகாணத்தில் பெட்ரோலுக்குக் கடும் தட்டுப்பாடு ஏற்பட்டது. பேருந்துகள் நின்றுபோகும் நிலை. அப்போது மரக்கரியைக் குறைந்த காற்றில் எரித்து, கிடைக்கும் வாயுவால் எஞ்சினை இயக்கும் டிவிஎஸ் கரிவாயுக் கலன் தயாரிக்கப்பட்டது. எஞ்சினின் திறன் குறையும், ஏற்றத்தில் வண்டி திணறும். ஆயினும் வண்டி ஓடியது. தேய்ந்த டயர்களைப் புதுப்பிக்கும் தொழிலிலும் இவர் ஈடுபட்டார்.

குடும்பம்

மனைவி இலட்சுமி. மகன்கள் டி. எஸ். இராஜம், சந்தானம், சீனிவாசன், கிருஷ்ணா ஆகியோர் பின்னாளில் தொழிலை நடத்தினர். மகள் சௌந்தரம் இளமையிலேயே கணவரை இழந்தார். விதவைப் பெண்ணை வீட்டுக்குள் முடக்குவதே வழக்கமாயிருந்த வைணவக் குடும்பச் சூழலில், அவர் மருத்துவம் படிக்க அனுப்பப்பட்டார். 1940-இல் காந்தியின் இசைவுடன் ஜி. இராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார். 1947-இல் சின்னாளப்பட்டிக்கு அருகே காந்திகிராமத்தை இவ்விருவரும் நிறுவினர்.

கொடைக்கானலும் பிரேக்கும்

சுந்தரம் அய்யங்கார் 1955-இல் தம் 78-ஆம் அகவையில் கொடைக்கானல் இல்லத்தில் காலமானார். மோட்டார் சாலை அமையும் முன், பழனி மலையின் இவ்வூருக்குப் பெரியகுளம் பக்கமிருந்து டோலியிலும் குதிரையிலும் நடந்துமே செல்ல முடிந்தது. மேலே ஏறுவதற்கு எஞ்சின் போதும். இறங்குவதற்கு பிரேக் வேண்டும்.

ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலிருந்து 8 டன் எடையுள்ள பேருந்து 1,800 மீட்டர் கீழிறங்கினால், சுமார் 140 மெகாஜூல் ஆற்றல் வெளிப்படும். இது 4 லிட்டர் பெட்ரோல் எரிவதற்கு ஒப்பான வெப்பம். கீழ் கியரில் இறங்கினால் எஞ்சின் இதில் ஒரு பகுதியை ஏற்கும். இல்லையேல் பெரும்பகுதி பிரேக்கிலேயே சேரும். அக்கால வண்டிகளின் நான்கு சக்கரங்களிலும் இருந்தவை டிரம் பிரேக்குகளே. சூடேறிய டிரம் விரிந்து லைனிங்கை விட்டு விலகும், லைனிங்கின் உராய்வும் குறையும். மிதியை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நில்லாது. மலைச்சாலை ஓட்டுநர்கள் அஞ்சுவது இதற்கே.

இவரது மறைவுக்குப் பின், 1962-இல், சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம்-கிளேட்டன் ஆகியவை இவ்வணியினரால் தொடங்கப்பட்டன. முன்னது ஆங்கிலேய கர்லிங் பிரேக் நுட்பத்தையும், பின்னது கனரக வண்டிகளுக்கான காற்று பிரேக்கையும் இங்கு உற்பத்தி செய்தது. சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் 1974-இல் உருவானது.

அம்பாசடர், பிரீமியர் பத்மினி போன்ற பழைய கார்களைப் புதுப்பிப்போர் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் பொருத்தினாலும், பின்சக்கரங்களில் பெரும்பாலும் டிரம்மையே விட்டுவைக்கின்றனர். பிரேக் பிடிக்கையில் எடை முன்னோக்கிச் சாய்வதால், பின் பிரேக் மிகையாகப் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி வழுக்கும். கைப் பிரேக்கையும் டிரம்மில் எளிதாக இணைக்கலாம்.

மதுரையிலிருந்து இயங்கிய டிவிஎஸ் பேருந்துகள் 1972-இல் நாட்டுடைமையாக்கப்பட்டு, பாண்டியன் போக்குவரத்துக் கழகத்தின்கீழ் வந்தன.