உச்சிக்கு 1 கி.மீ. முன்பு... டாம் சிம்ப்சனுக்கு மோன் வான்டூ மலையில் என்ன நடந்தது?

1967 ஜூலை 13, வியாழக்கிழமை. தெற்கு பிரான்ஸில் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிக் கொளுத்திக்கொண்டிருந்தது. டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் அன்று 13-வது கட்டம். மார்செய் நகரில் கிளம்பி கார்பன்ட்ராஸ் வரை 200 கி.மீ.க்கு மேல் ஓட்ட வேண்டும். நடுவில் மோன் வான்டூ என்ற மலையை ஏறி இறங்க வேண்டும்.

அந்த மலையின் உச்சிக்குப் பக்கத்தில் பிரிட்டன் வீரர் ஒருவர் ரோட்டின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்குமாகத் தள்ளாடினார். கீழே விழுந்தார். மறுபடியும் சைக்கிளில் ஏற்றிவிட்டார்கள். சில நூறு மீட்டர் போனார். அவ்வளவுதான். அன்று மாலை 5.40 மணிக்கு அவர் இறந்துவிட்டதாக மருத்துவமனை அறிவித்தது. வயது 29.

அவர்தான் டாம் சிம்ப்சன். ஊக்கமருந்து எடுத்துச் செத்துப்போனவர் என்று ஒரே வரியில் இவரது கதையைப் பலர் முடித்துவிடுவார்கள். அந்த வரி பொய் இல்லை. ஆனால், அது பாதிக் கதைதான்.

யார் இந்த சிம்ப்சன்?

1937 நவம்பர் 30 அன்று இங்கிலாந்தின் டர்ஹாம் பகுதியில் இருக்கும் ஹாஸ்வெல் கிராமத்தில் பிறந்தவர். அப்பா நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. வீட்டில் 6 பிள்ளைகள், இவர்தான் கடைக்குட்டி. பிறகு குடும்பம் ஹார்வொர்த் என்ற இன்னொரு சுரங்க ஊருக்கு மாறியது. அங்கேதான் சைக்கிள் கிளப்பில் சேர்ந்தார்.

1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் பிரிட்டன் அணியோடு வெண்கலப் பதக்கம். அப்போது வயது 19. ஆனால், அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் இருந்துகொண்டு சைக்கிள் ஓட்டிப் பெரிதாகச் சம்பாதிக்க முடியாது. பணமும் பெயரும் பிரான்ஸ், பெல்ஜியம், இத்தாலியில்தான் இருந்தன. எனவே 1959-ல் சேமிப்பில் இருந்த 100 பவுண்டை எடுத்துக்கொண்டு பிரான்ஸின் பிரிட்டனி பகுதிக்குக் கிளம்பிவிட்டார். இன்றைக்கு வெளிநாட்டில் வேலை தேடிப் போகிறவர்களுக்காவது போன் இருக்கிறது. அவருக்கு அதுவும் இல்லை, பிரெஞ்சும் சரியாக வராது. அதே ஆண்டில் தொழில்முறை அணி ஒன்றில் ஒப்பந்தம் கிடைத்தது.

அதற்குப் பிறகு அவர் செய்தவை எல்லாம் பிரிட்டன்காரர்களுக்குப் புதுசு. 1961-ல் பெல்ஜியத்தின் டூர் ஆஃப் ஃபிளாண்டர்ஸ் வெற்றி. 1962 டூர் டி பிரான்ஸில் மஞ்சள் ஜெர்ஸி, அதாவது ஒட்டுமொத்த நேரக் கணக்கில் முதலிடத்தில் இருப்பவர் போடும் சட்டை. அதைப் போட்ட முதல் பிரிட்டன் வீரர் இவர்தான். ஒரே நாளில் அது கைவிட்டுப் போனாலும் பந்தயத்தை 6-வது இடத்தில் முடித்தார். 1964-ல் மிலான் - சான் ரெமோ. 1965-ல் ஸ்பெயினில் நடந்த உலக சாம்பியன்ஷிப். அந்த ஆண்டு பிபிசியின் சிறந்த விளையாட்டு ஆளுமை விருதும் அவருக்கே.

மனுஷன் நல்ல கலகலப்பான ஆள். ஆங்கிலேயர் என்றால் இப்படித்தான் இருப்பார்கள் என்று பிரெஞ்சுக்காரர்கள் நினைத்த மாதிரியே கறுப்புத் தொப்பியும் கையில் குடையுமாக போட்டோவுக்கு போஸ் கொடுப்பார். பத்திரிகைக்காரர்களுக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

ஒன்று மட்டும் சரியாக அமையவில்லை. டூர் டி பிரான்ஸ் போன்ற 3 வாரப் பந்தயம் அவர் உடம்புக்கு ஒத்துவரவே இல்லை. 1967-க்கு முன்பு 6 முறை கலந்துகொண்டு 3 முறைதான் முடித்திருந்தார். 1966-ல் பனிச்சறுக்கில் கால் உடைந்தது. அதே ஆண்டு டூரில் விழுந்து அடிபட்டு விலகினார்.

1967-ல் ஏன் அவ்வளவு அவசரம்?

காரணம் பணம். டூர் முடிந்த பிறகு ஊர் ஊராகச் சின்னச் சின்னப் பந்தயங்கள் நடக்கும். டூரில் எந்த இடத்தில் முடித்தீர்களோ அதைப் பொறுத்துத்தான் அங்கே கூலி. சிம்ப்சனுக்கு 30 வயது ஆகப்போகிறது. மனைவி, இரண்டு சின்னப் பெண் குழந்தைகள். அடுத்த ஆண்டு ஒப்பந்தம் பற்றிய பேச்சும் ஓடிக்கொண்டிருந்தது. முதல் சில இடங்களுக்குள் முடிக்க வேண்டும் அல்லது மஞ்சள் ஜெர்ஸியை ஒருநாளாவது போட வேண்டும் என்ற நெருக்கடி. பந்தயங்களுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்டும் அழுத்தம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஆல்ப்ஸ் மலைக் கட்டங்களில் வயிறு கெட்டது. வயிற்றுப்போக்கு. சாப்பிட்டது எதுவும் தங்கவில்லை. அப்படியிருந்தும் மோன் வான்டூ கட்டம் தொடங்கும்போது 7-வது இடத்தில் இருந்தார். மற்றவர்களாக இருந்தால் விட்டிருப்பார்களோ என்னவோ, 7-வது இடத்தில் இருப்பவர் எப்படி விடுவார்?

அந்த மலை எப்படிப்பட்டது?

மோன் வான்டூவின் உயரம் சுமார் 1,910 மீட்டர். அடிவாரத்தில் இருக்கும் பெதுவான் கிராமத்திலிருந்து ஏறினால் சுமார் 21 கி.மீ. தூரத்தில் 1,600 மீட்டர் உயரம் ஏற வேண்டும். இளைப்பாற ஒரு சமதளம்கூடக் கிடைக்காது. முதலில் காடு வரும். அங்கே நிழல் இருக்கும், காற்று இருக்காது. ஷாலே ரேனார் என்ற இடத்தைத் தாண்டினால் கடைசி 6 கி.மீ.க்கு மரமே கிடையாது. வெறும் வெள்ளைச் சுண்ணாம்புக் கற்கள். மேலே இருந்து அடிக்கும் வெயில் போதாதென்று கற்களில் பட்டுத் திரும்பும் வெயிலும் முகத்தில் அடிக்கும்.

மலையேற்றத்தில் சூடு ஏன் ஆபத்து என்பதற்குக் கணக்கு எளிது. நாம் பெடல் மிதிக்கச் செலவழிக்கும் சக்தியில் கால்பங்குக்கும் குறைவாகத்தான் சைக்கிளை நகர்த்தும். மீதியெல்லாம் சூடு. நல்ல வீரர் ஒருவர் ஏற்றத்தில் 300 வாட் சக்தியோடு மிதித்தால், அவருக்கு உள்ளே 1,000 வாட் ஹீட்டர் ஒன்று எரிகிற மாதிரி. சமதளத்தில் 40 கி.மீ. வேகத்தில் போகும்போது எதிர்க்காற்று வியர்வையை உலர்த்தி உடம்பைக் குளிர்விக்கும். செங்குத்தான ஏற்றத்தில் வேகம் 15 கி.மீ. இருந்தாலே பெரிது. உழைப்பு அதிகம், காற்று குறைவு. அப்போது உடம்புக்கு இருக்கும் ஒரே வழி வியர்ப்பது. அதற்குத் தண்ணீர் வேண்டும்.

தண்ணீர்தான் இல்லை. அன்றைய விதிப்படி ஒரு வீரருக்கு ஒரு நாளைக்கு 4 பாட்டில்தான். கிட்டத்தட்ட 2 லிட்டர். அணியின் கார் பின்னாடியே வரும், ஆனாலும் நினைத்த நேரத்தில் கேட்டு வாங்க முடியாது. பந்தயத்தில் நிறையத் தண்ணீர் குடிப்பது நல்லதில்லை என்ற நம்பிக்கையும் அப்போது பரவலாக இருந்தது. எனவே வீரர்கள் வழியில் இருக்கும் பார்களுக்குள் ஓடிப்போய் கையில் கிடைத்த பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். சோடாவும் இருக்கும், சாராயமும் இருக்கும். அன்று சிம்ப்சனுக்குக் கிடைத்தது பிராந்தி. ஏற்கெனவே நீர் வற்றிப்போயிருந்த உடம்பு அது.

கூடவே ஆம்ஃபெடமின் மாத்திரை. இதுதான் இங்கே வில்லன். ஆனால் எப்படி வேலை செய்தது என்பதைக் கவனிக்க வேண்டும். இது புதிதாகச் சக்தி தருவதில்லை. களைப்பு என்ற எச்சரிக்கை மணியை அணைத்துவிடுகிறது. தோலுக்குப் போகும் ரத்தத்தைக் குறைப்பதால் உள்ளே இருக்கும் சூடு வெளியேறுவதும் கஷ்டமாகிறது. சாதாரணமாக உடம்பு இதற்கு மேல் முடியாது என்று நிறுத்திவிடும் இடத்தைத் தாண்டியும் கால் மிதித்துக்கொண்டே இருக்கும். அன்றைய பந்தயங்களில் இது சிம்ப்சன் மட்டும் செய்த தப்பு இல்லை. பெரும் பெயர் பெற்ற வீரர்களே வெளிப்படையாக ஒப்புக்கொண்ட பழக்கம்.

கடைசி சில நிமிடங்கள்

ஏற்றம் தொடங்கியதும் முன்னணி வீரர்கள் வேகமெடுத்தார்கள். சிம்ப்சன் அவர்களைப் பிடிக்கப் பார்த்தார், முடியவில்லை. மெல்லப் பின்தங்கினார். மரங்கள் முடிந்து வெட்டவெளி வந்த பிறகு சைக்கிள் வளைந்து வளைந்து போக ஆரம்பித்தது. பிறகு ரோட்டோரம் விழுந்தார்.

அணியின் மெக்கானிக் ஹாரி ஹால் காரிலிருந்து இறங்கி ஓடினார். போதும், இன்றைக்கு முடிந்தது என்று அவருக்குத் தோன்றியது. அந்தக் கால பெடல்களில் காலைத் தோல் வாரால் இறுக்கிக் கட்டியிருப்பார்கள். ஹால் அதை அவிழ்க்கத் தொடங்கினார். சிம்ப்சன் விடவில்லை. தான் போக வேண்டும், வாரை மறுபடி கட்டு என்றே பிடிவாதம் பிடித்தார். தள்ளிவிட்டார்கள். சில நூறு மீட்டரில் மீண்டும் தள்ளாடினார். பார்வையாளர்கள் ஓடிவந்து தாங்கிப் பிடித்தபோது நினைவு தப்பியிருந்தது. ஆனால், கைகள் ஹேண்டில்பாரை விடவில்லை. விரல்களைப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

என்னை மறுபடி சைக்கிளில் ஏற்றுங்கள் என்ற பொருளில் அவரது கடைசி வார்த்தைகளாக ஒரு வாசகம் உலகம் முழுக்கச் சுற்றுகிறது. அதை எழுதியது அந்த இடத்திலேயே இல்லாத ஒரு பத்திரிகையாளர். கேட்க நன்றாக இருப்பதால் இன்னும் உயிரோடு இருக்கிறது.

பந்தய மருத்துவர் பியர் துய்மா வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்துப் பார்த்தார். ஹெலிகாப்டரில் அவினியோன் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். பலனில்லை. அதே மலையில், 1955 டூரில், ஜான் மாலேஜாக் என்ற பிரெஞ்சு வீரர் இதேபோல் வெயிலில் நினைவிழந்து விழுந்தார். அவரைக் காப்பாற்றியதும் இதே மருத்துவர்தான். அதாவது 12 ஆண்டுகளுக்கு முன்பே எச்சரிக்கை வந்திருந்தது. 4 பாட்டில் விதியை யாரும் தொடவில்லை.

அதற்குப் பிறகு?

சிம்ப்சனின் சட்டைப் பையில் 3 மாத்திரைக் குழாய்கள் இருந்தன. இரண்டு காலி. பிரேதப் பரிசோதனையில் ஆம்ஃபெடமினும் மதுவும் இருந்தது உறுதியானது. பிரான்ஸில் ஊக்கமருந்துக்கு எதிரான சட்டம் 1965-லேயே வந்துவிட்டது. 1966 டூரில் சோதனை நடத்த வந்தபோது வீரர்கள் வழியில் இறங்கி நடந்து எதிர்ப்புக் காட்டினார்கள். 1968 டூரிலிருந்து சோதனை முறையாக நடந்தது. மருந்து பற்றி அன்றே எல்லோரும் பேசினார்கள். தண்ணீர் பற்றிய பேச்சு அந்த அளவுக்கு எழவில்லை. சைக்கிள் பந்தயங்களில் கடும் வெயில், பனி போன்ற மோசமான வானிலைக்கென்று சர்வதேசக் கூட்டமைப்பு தனி நடைமுறை கொண்டுவந்தது 2016-ல்தான்.

சிம்ப்சன் இறந்த மறுநாள் சக வீரர்கள் போட்டி போடவில்லை. பிரிட்டன் வீரர் பாரி ஹோபனை முன்னால் போகவிட்டு ஜெயிக்க வைத்தார்கள். உடல் ஹார்வொர்த்தில் அடக்கம் செய்யப்பட்டது. அடுத்த ஆண்டு, அவர் விழுந்த இடத்தில், உச்சிக்குச் சுமார் 1 கி.மீ. கீழே கிரானைட் நினைவுக்கல் வைத்தார்கள். இன்றும் அந்த ஏற்றத்தில் சைக்கிள் ஓட்டி வருபவர்கள் நின்று தொப்பியோ தண்ணீர் பாட்டிலோ வைத்துவிட்டுப் போவது வழக்கம்.

1967-ல் சிம்ப்சனோடு பியூஜோ அணியில் ஒரு பெல்ஜியப் பையன் இருந்தார். எடி மெர்க்ஸ். 1970 டூரில் மோன் வான்டூ கட்டத்தில் முதலாவதாக ஏறி வந்தவர் அவர். நினைவுக்கல்லைத் தாண்டும்போது தொப்பியைக் கழற்றி மரியாதை செய்தார். உச்சிக்குப் போனதும் மூச்சுத் திணறி, அவருக்கு ஆக்சிஜன் கொடுக்க வேண்டியிருந்தது.