ஊருக்கு வைத்தியர் தேடிய டாக்டர் கிறீன்



உங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக ஒரு டாக்டர் வருகிறார். நல்லவர், கைராசிக்காரர் என்று ஊரே பேசிக்கொள்கிறது. நோயாளியின் குடும்ப விபரம் எல்லாம் அவருக்கு அத்துப்படியாகிவரும் வேளையில் இடமாற்றக் கடிதம் வந்துவிடுகிறது. அடுத்தவர் வரும்வரை யாராவது ஒருவர் பதிற்கடமை பார்க்கிறார். வாவிக்கு அப்பால், படுவான்கரையில் வாழும் உங்களுக்கு இது நன்கு தெரிந்த கதை. மண்முனைத் துறையில் 2014ஆம் ஆண்டு பாலம் திறக்கப்பட்டது. ஆட்கள் கடந்துபோக வழி பிறந்தது. ஆனால் வந்த வைத்தியரை ஊரில் நிறுத்திவைக்கும் பாலத்தை யார் கட்டுவது?

இதே கேள்வியோடு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் போராடிய ஒரு மனிதரின் வாழ்வை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். அவர்தான் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன். அவர் உழைத்த இடம் யாழ்ப்பாணத்து மானிப்பாய். அவர் நம் திருச்சபையைச் சேர்ந்தவரல்லர்; அமெரிக்க மிஷனின் ஊழியர். ஆயினும் அவர் எதிர்ப்பட்ட தொல்லை நமக்கும் சொந்தமானது.

கிறீன் 1822ஆம் ஆண்டு அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்தில், வூஸ்டர் நகரில் பிறந்தார். 1845இல் நியூயோர்க்கில் வைத்தியப் பட்டம் பெற்றார். அங்கேயே தொழில் நடத்தி வசதியாக வாழ்ந்திருக்கலாம். அவரோ 1847ஆம் ஆண்டு கப்பலேறி, ஒக்டோபர் மாதத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து நிரம்பும் தறுவாய். முதலில் வட்டுக்கோட்டையிலும், அடுத்த ஆண்டு முதல் மானிப்பாயிலும் பணி தொடங்கினார்.

அவருக்கு முன்பே டாக்டர் ஜோன் ஸ்கடர் பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்த்திருந்தார். ஆனால் கடல் கடந்து வரும் ஓரிரு வைத்தியரை நம்பி ஒரு நாடு எத்தனை காலம் இருக்கமுடியும்? வாந்திபேதி பரவினால் ஒரே வாரத்தில் ஒரு ஊர் பாதியாகிவிடும் காலம் அது. வெளியிலிருந்து வருபவர் எப்போதும் தற்காலிகமானவரே என்பதைக் கிறீன் தெளிவாகக் கண்டார். ஆகவே 1848இலேயே சில வாலிபரைச் சேர்த்து வைத்தியம் கற்பிக்கத் தொடங்கினார்.

படிப்பு முதலில் ஆங்கிலத்தில் நடந்தது. மாணவர்கள் கெட்டிக்காரர், நன்றாகவே தேறினார்கள். இங்கேதான் எதிர்பாராத சோதனை வந்தது. ஆங்கிலமும் மேலை வைத்தியமும் கற்றவரை அரசாங்கம் நல்ல சம்பளம் கொடுத்து எடுத்துக்கொண்டது. படித்தவர் பலர் உத்தியோகத்தை நாடி ஊரைவிட்டுப் போயினர். எந்தக் கிராமங்களுக்காக அவர்களை உருவாக்கினாரோ, அந்தக் கிராமங்கள் முன்போலவே இருந்தன.

போனவர்களைக் குறைசொல்ல நமக்கு உரிமை உண்டா? சற்று எண்ணிப்பாருங்கள். அவர்களுக்கும் குடும்பம் உண்டு, கடன் உண்டு, தங்கைமாருக்குச் சீதனம் தேடும் பொறுப்பு உண்டு. போன இடத்திலும் அவர்கள் நோயாளரைத்தான் பார்த்தார்கள். கிறீன் இதை அறியாதவரல்லர். ஆயினும் ஆளைக் குறைகூறுவதைவிட ஏற்பாட்டை மாற்றுவதே வழி என்று அவர் தீர்மானித்தார்.

1857இல் உடல்நலம் குன்றித் தாய்நாடு திரும்பியவர், 1862இல் மனைவியோடு மீண்டும் மானிப்பாய் வந்தார். 1864 முதல் வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். தமிழில் கற்றவர் தமிழர் நடுவிலேயே தங்குவார். நோயாளியோடு அவன் பேச்சிலேயே பேசுவார். தாம் கற்றதை அயலவருக்கும் எடுத்துச் சொல்வார் என்பது அவர் கணக்கு. மாணவர் தமிழருக்குரிய உடையிலேயே இருக்கவேண்டும் என்றும் விரும்பினார்.

இதற்கு எதிர்ப்பு இல்லாமலில்லை. ஆங்கிலம் இல்லாவிட்டால் உத்தியோகம் ஏது என்ற கவலை மாணவருக்கு இருந்தது. பாடநூல்களும் தமிழில் இல்லை. இல்லாதவற்றை அவரே உண்டாக்கினார். தம்மிடம் கற்றவர்களையும் துணைக்கு வைத்துக்கொண்டு, கலைச்சொற்களை ஒவ்வொன்றாகத் தேடி, பெரிய நூல்களைத் தமிழாக்கினார். 1867இல் இரணவைத்தியம், 1872இல் மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம், 1875இல் கெமிஸ்தம் என அவை வரிசையாக அச்சேறின. அவரிடம் பயின்று வைத்தியரானவர் தொகை அறுபதுக்கும் மேல்.

1873இல் அவர் நிரந்தரமாக அமெரிக்கா திரும்பினார். அங்கிருந்தும் தமிழ்ப் பணியை விடவில்லை. மனுஷ சுகரணம் 1883இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு மே மாதம் வூஸ்டரிலே காலமானார். தமிழருக்கு வைத்திய ஊழியம் செய்தவர் என்பதையே தம் கல்லறையில் பொறிக்கச் செய்தார். மானிப்பாய் வைத்தியசாலை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவர் முயற்சி முழு வெற்றி என்று சொல்லமுடியாது. 1870இல் கொழும்பில் தொடங்கிய அரசாங்க வைத்தியக் கல்லூரி ஆங்கிலத்தில் கற்பித்தது. உத்தியோகமும் அந்த வழியிலேயே கிடைத்தது. தமிழில் வைத்தியம் கற்பித்த முறை அவருக்குப்பின் நிலைக்கவில்லை. சம்பளம் ஒரு பக்கமும் ஊர் ஒரு பக்கமும் இழுக்கும்போது, ஒரு தனி மனிதரின் நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதை இது நமக்குக் கற்பிக்கிறது.

ஆனால் அவர் கண்ட உண்மை பொய்க்கவில்லை. வந்துபோகும் வைத்தியர் நோயைத் தீர்க்கலாம். மண்ணில் பிறந்து மக்கள் மொழியில் பேசும் வைத்தியரே ஊரைக் காப்பார். இன்று வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமாக ஒரு வைத்திய பீடம் உண்டு. நம் பிள்ளைகளும் அதில் கற்கிறார்கள். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின் நாட்டைவிட்டுப் போன டாக்டர்மாரும் பலர்.

பெற்றோரே, உங்கள் மகனோ மகளோ வைத்திய பீடத்துக்குத் தெரிவானால் மகிழுங்கள். அதேவேளை எவ்வளவு சம்பளம், எந்த நாடு என்று கேட்குமுன், எந்த ஊருக்கு என்றும் ஒருமுறை கேளுங்கள். ஊராரே, உங்களிடம் வரும் இளம் வைத்தியருக்குத் தங்க நல்ல வீடும், அவர் பிள்ளைக்கு நல்ல பள்ளியும் கிடைக்க உங்களாலானதைச் செய்யுங்கள். அவர் ஒரு வருடம் கூடுதலாகத் தங்கினாலும், அந்த வருடத்தில் பிழைக்கும் உயிர் உங்கள் வீட்டு உயிராகவே இருக்கலாம்.