ஆர்க்காட்டு நவாபும் மேசன் சபையும்

நம் ஊரில் லாட்ஜ் என்றால் கிரிவலத்திற்கு வருவோர் தங்கும் விடுதி. பிரீமேசன்கள் தம் சபையையும் லாட்ஜ் என்றே அழைப்பர். அங்கே உறுப்பினர் யாவரும் சகோதரர். மதமும் அரசியலும் பேசலாகாது. எளியோர்க்கு உதவ நிதி திரட்டுவர்.

அதில் சேர்ந்த முதல் இந்தியர்களுள் ஒருவர் உம்தத்-உல்-உமரா. 1748இல் பிறந்தவர், நம் திருவண்ணாமலையையும் ஆண்ட ஆர்க்காட்டு நவாப் முகமது அலியின் மகன். 1770களில் திருச்சிராப்பள்ளியில் மேசனானார். இலண்டன் தலைமைச் சபை அவருக்கு நீல நிற ஏப்ரனும் சட்டநூலும் அனுப்பி வைத்தது. அவர் பாரசீகத்தில் நன்றி மடல் எழுதி, பொன்னிழைத் துணியில் பொதிந்து அனுப்பினார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான்; பெரிய இடத்தில் நம்மையும் சேர்த்துக்கொண்டார்கள் என்னும் பூரிப்பு எனக்கு விளங்குகிறது.

1795இல் நவாபானார். தந்தை வைத்துப்போன கடனோ மலைபோல் நின்றது. 1799இல் திப்பு வீழ்ந்ததும், சீரங்கப்பட்டணத்தில் அகப்பட்ட கடிதங்களைக் காட்டி, பகைவனோடு உறவாடியவர் என்று கும்பெனியார் அவர்மேல் பழி சுமத்தினர். சபை வேறு, கும்பெனி வேறு என்பர் சிலர். சென்னையில் இரண்டிலும் இருந்த வெள்ளையர் பலர் என்பதை எண்ணினால் எனக்கு மனம் ஒப்பவில்லை.

1801 ஜூலை 15இல் அவர் மறைந்தார். கும்பெனியின் நிபந்தனைக்கு இணங்க மறுத்த மகனுக்குப் பட்டம் கிட்டவில்லை. உறவினர் ஒருவரை நவாபாக்கி, ஜூலை 31 அன்றே நாட்டின் ஆட்சியை எழுதி வாங்கிக்கொண்டார்கள்.