இரு சகோதரிகளும் ஒரு சத்திரசிகிச்சையும்: தியோடர் கோஹர் (1841 - 1917)

பேர்ண் நகரில், சுவிற்சர்லாந்துப் பாராளுமன்றக் கட்டடத்தின் அருகே செல்லும் ஒரு வீதிக்குக் கோஹர் வீதி என்று பெயர். அதே நகரில் கோஹர் பூங்காவும் உண்டு. வேலைக்குப் போகும் அவசரத்தில் இவற்றைக் கடந்து செல்லும் நம்மவர்களில் பலருக்கு அந்தப் பெயருக்குரியவர் யாரென்று தெரியாது. ஆனால் ஒவ்வொரு காலையும் வெறும் வயிற்றில் தைரொயிட் குளிசை விழுங்குகிறவர்கள் எல்லோரும் அவருக்குக் கடன்பட்டவர்கள். நீரிழிவு நோயாளர்களுக்கும் அவரது வாழ்க்கையில் ஒரு பாடம் இருக்கிறது.

எமில் தியோடர் கோஹர் 1841 ஆகஸ்ட் 25 இல் பேர்ணில் பிறந்தார். தந்தை பொறியியலாளர். தாய் மொறேவியன் சபையைச் சேர்ந்த பக்தி மிக்க கிறிஸ்தவர். அந்தச் சமயப் பற்று மகனிடமும் கடைசிவரை இருந்தது. பேர்ண் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து 1865 இல் கலாநிதிப் பட்டம் பெற்ற கோஹர், சூரிச், பேர்லின், இலண்டன், பாரிஸ் ஆகிய நகரங்களுக்குச் சென்று அக்காலத்துப் பெரிய சத்திரசிகிச்சை நிபுணர்களின் வேலையை அருகிருந்து பார்த்தார். 1869 இல் மரீ விட்சி என்பவரை மணந்தார். மூன்று ஆண் மக்களில் மூத்தவரான அல்பேர்ட்டும் சத்திரசிகிச்சை நிபுணராகித் தந்தையுடன் பணியாற்றினார்.

1872 இல் இன்செல்ஸ்பிற்றலின் சத்திரசிகிச்சைப் பேராசிரியர் பதவி வெற்றிடமானது. மருத்துவ பீடம் ஜேர்மனியிலிருந்து ஒருவரை அழைக்க விரும்பியது. மாணவர்களும் உள்ளூர் வைத்தியர்களும் கோஹரே வேண்டுமென்றனர். பேர்ண் அரசாங்கம் அவர்கள் பக்கம் சாய்ந்தது. அன்னா சைலர் என்ற பெண்மணி 1354 இல் நிறுவிய அந்தப் பழம்பெரும் வைத்தியசாலையில் 30 வயதில் பேராசிரியரான கோஹர், இறக்கும்வரை 45 ஆண்டுகள் அங்கேயே இருந்தார். வெளிநாடுகளிலிருந்து வந்த அழைப்புகள் அவரைப் பேர்ணிலிருந்து பெயர்க்கவில்லை.

கழுத்துக் கழலை

அல்ப்ஸ் மலைநாட்டு மண்ணில் அயடீன் குறைவு. இதனால் அன்று அம்மக்களிடையே கழுத்துக் கழலை மிகச் சாதாரணம். சிலருக்கு அது மூச்சுக்குழாயை நெரிக்கும் அளவுக்குப் பருத்துவிடும். அப்போது வெட்டி எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஆனால் தைரொயிட் சுரப்பி இரத்தக் குழாய்கள் நிறைந்த உறுப்பு. 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இச்சிகிச்சைக்கு உட்பட்ட 10 பேரில் 4 பேர் அளவில் இறந்தனர்.

கோஹர் வேகத்தை நம்பியவரல்ல. கிருமி நீக்கத்தில் கடுமையான ஒழுங்கு, இரத்தக் குழாய்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கட்டும் பொறுமை, குரல் நரம்பைக் காக்கும் கவனம் ஆகியவையே அவரது முறை. அவரது முதல் நூறு நோயாளரில் 13 பேர் அளவில் இறந்தனர். பின்னாளில் அந்த எண்ணிக்கை நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே வந்தது. நோயாளி பிழைத்தார், காயம் ஆறியது, வீட்டுக்குப் போனார். சத்திரசிகிச்சை நிபுணரின் கணக்கில் அது முழு வெற்றி.

அந்தக் கணக்கைக் குலைத்தவள் ஒரு சிறுமி.

1874 ஜனவரியில் 11 வயதுச் சிறுமி ஒருத்தியின் தைரொயிட் சுரப்பியைக் கோஹர் முழுவதுமாக நீக்கினார். சில காலத்தின் பின், அவளை அனுப்பிவைத்த வைத்தியர் ஒரு செய்தி சொன்னார். கலகலப்பாக இருந்த பிள்ளை மந்தமாகி, சிடுசிடுப்பாகி, வற்புறுத்தினால் மட்டுமே வேலை செய்பவளாக மாறிவிட்டாள் என்பதே அது. ஆயினும் அவளைக் கோஹர் மீண்டும் நேரில் பார்க்க ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் சென்றன.

1882 செப்டெம்பரில் ஜெனீவாவில் நடந்த மாநாடொன்றில் சக் லூயி ரெவெர்டன் என்ற சத்திரசிகிச்சை நிபுணரைச் சந்தித்தார். சுரப்பியை முழுதாக நீக்கியபின் தம் நோயாளிகள் சிலர் வீங்கிச் சோர்ந்து போவதை ரெவெர்டன் எடுத்துரைத்தார். கோஹர் பேர்ண் திரும்பியதும் தம் பழைய நோயாளிகளுக்குக் கடிதம் எழுதி ஒவ்வொருவராக வரவழைத்தார்.

அந்தச் சிறுமியும் வந்தாள். கூடவே அவள் தங்கையும் வந்தாள். சத்திரசிகிச்சைக்கு முன் இருவரையும் ஊரார் மாறி அடையாளம் காணும் அளவுக்கு அவர்கள் ஒரே சாயலில் இருந்தவர்கள். இரட்டையர் அல்லர், ஆனால் இரட்டையர் போல. இப்போது தங்கை வளர்ந்த அழகிய யுவதி. அக்காவோ சிறுபிள்ளையின் உயரத்திலேயே நின்று, முகம் ஊதி, சிந்தனை மழுங்கிப் போயிருந்தாள். ஒரே தாய் தந்தை, ஒரே வீடு, ஒரே சாப்பாடு. வேறுபாடு ஒன்றுதான்: கோஹரின் கத்தி.

சுரப்பி முழுவதும் நீக்கப்பட்டவர்களில் 18 பேரைப் பரிசோதித்தபோது 16 பேரிடம் இந்தச் சீர்கேடு தெரிந்தது. ஒரு பகுதி மட்டும் நீக்கப்பட்டவர்கள் நலமாக இருந்தனர். 1883 ஏப்ரலில் பேர்லினில் கூடிய ஜேர்மன் சத்திரசிகிச்சைச் சங்கத்தின் முன் கோஹர் இதை மறைக்காமல் எடுத்து வைத்தார். உலகம் மெச்சிய தம் சாதனையே பலரைப் பாழாக்கிவிட்டது என்று சக நிபுணர்களின் சபையில் ஒப்புக்கொள்வது எளிதல்ல. அதன்பின் சுரப்பியின் ஒரு பகுதியையேனும் விட்டுவைப்பதை அவர் விதியாக்கிக்கொண்டார்.

இதில் அவருக்குக் குறைகளும் உண்டு. சுவாசக்குழாய் பாதிக்கப்பட்டு மூச்சுக்காற்று குறைந்ததே காரணம் என்று முதலில் தவறாக விளக்கினார். சுரப்பி இல்லாமற் போனதே காரணம் என்று இலண்டனில் பீலிக்ஸ் செமோன் சொன்னபோது பலரும் ஏற்கவில்லை. பின்னர் அதுவே சரியென்று நிறுவப்பட்டது. ரெவெர்டனுக்கு உரிய முதன்மையைக் கோஹர் தக்கவாறு குறிப்பிடவில்லை என்ற மனத்தாங்கலும் நெடுநாள் நீடித்தது.

ஒரு வழியின் தொடக்கம்

ஓர் உறுப்பை எடுத்துவிட்டால் உடலுக்கு என்ன நேர்கிறது என்று பார்த்து அதன் பணியை அறிவது, எடுத்ததை ஈடு செய்வது என்ற வழி இங்கிருந்து விரிந்தது. 1889 இல் ஸ்ட்ராஸ்பேர்க் நகரில் மின்கோவ்ஸ்கியும் மேரிங்கும் நாயின் சதையியை நீக்கியபோது அதற்கு நீரிழிவு வந்தது. 1891 இல் இங்கிலாந்தில் ஜோர்ஜ் மறே செம்மறியாட்டின் தைரொயிட் சாற்றைச் செலுத்தி நோயாளியைத் தேற்றினார். அதே எண்ணம் 1921 இல் ரொறன்ரோவில் இன்சுலினாகப் பலித்தது. சதையியின் தலைப்பகுதியைச் சத்திரசிகிச்சையில் அணுக முன்சிறுகுடலைத் தளர்த்தித் திருப்பும் முறை இன்றும் கோஹர் பெயராலேயே வழங்குகிறது.

1909 இல் அவருக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அப்பரிசைப் பெற்ற முதல் சத்திரசிகிச்சை நிபுணர் அவரே. 1912 இல் பேர்ணில் ஓர் ஆய்வு நிறுவனம் அமைக்க 200,000 பிராங் வழங்கினார். அமெரிக்காவின் ஹார்வி குஷிங் இளம் வயதில் அவரிடம் வந்து ஆராய்ந்தவர். 1913 இல் லெனின் தம் மனைவி குரூப்ஸ்காயாவை இவரிடமே கழுத்துச் சிகிச்சைக்குக் கொண்டுவந்தார். 1917 ஜூலை 27 இல் கோஹர் மறைந்தார். இறப்பதற்குச் சில நாட்கள் முன்புவரை சத்திரசிகிச்சை செய்துகொண்டிருந்தார். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1922 இல், சுவிற்சர்லாந்து அயடீன் கலந்த உப்புக்கு மாறத் தொடங்கியது. தலைமுறை தலைமுறையாக வந்த கழலை மெல்ல மறைந்தது.

வராதவர்களைத் தேடி

அந்த இரு சகோதரிகளை வைத்துக் கோஹர் செய்த ஒப்பீட்டைப் பிற்காலத்தவர் உண்மையான இரட்டையரிடம் செய்தனர். இலண்டனில் 1981 இல் வெளியான ஆய்வொன்றில், இன்சுலின் இன்றியே சமாளிக்கக்கூடிய, பெரும்பாலும் முதிர்ந்த வயதில் வரும் நீரிழிவுள்ள ஒத்த இரட்டையர் 53 சோடிகளில் 48 சோடிகளில் இருவருக்கும் நோய் இருந்தது. பார்த்தவர்கள் இது முழுக்கப் பரம்பரை என்றே எண்ணினர். ஆனால் அவர்கள் வைத்தியர்கள் மூலம் ஆய்வுக்கு வந்து சேர்ந்தவர்கள். டென்மார்க்கில் நாட்டின் இரட்டையர் பதிவேட்டிலிருந்து 55 முதல் 74 வயதானோரைத் தேடி அழைத்துப் பரிசோதித்தபோது, 1999 இல் வந்த முடிவு வேறாக இருந்தது. ஒத்த இரட்டையரில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தால் மற்றவருக்கும் இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதி. ஒவ்வா இரட்டையரில் மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேல். ஒரே மரபணுவுடன் பிறந்தும் மற்றப் பாதிப் பேருக்கு அன்றுவரை நோய் வரவில்லை. அதேவேளை, ஒவ்வா இரட்டையர் மரபணு அளவில் சாதாரண உடன்பிறப்புகளே. அவர்களுக்கே இவ்வளவு வாய்ப்பு என்பதையும் நாம் மறக்கலாகாது.

தாமாக வந்தவர்களை மட்டும் பார்த்தால் கிடைக்கும் உண்மை ஒன்று. வராதவர்களையும் தேடிப் பார்த்தால் கிடைப்பது வேறு. கோஹர் கடிதம் எழுதித் தேடியிராவிட்டால் அவரது நோயாளிகள் எல்லோரும் நலம் என்றே ஏட்டில் இருந்திருக்கும்.

நம்மவரிடையே நீரிழிவு ஐரோப்பியரைவிட அதிகம், வருவதும் இளவயதில். அண்ணனுக்குச் சீனி வியாதி என்றால் தம்பி இரக்கப்படுகிறார், தன் இரத்தத்தைச் சோதிக்கப் போவதில்லை. அக்கா குளிசை எடுக்கிறார், தங்கை தனக்கு ஒன்றுமில்லை என்றிருக்கிறார். பேர்ணில் அந்த அக்காவின் நோய்க்குக் காரணம் புரிந்தது, அவளருகில் தங்கையும் வந்து நின்றதால்தான். நம் வீடுகளில் ஒருவருக்கு நோய் கண்டால் மற்றவர்களும் உடன் வந்து நிற்க வேண்டும்.