சேலத்துச் சுந்தரம்

படத்தொழில் என்றாற் சென்னையும் கோடம்பாக்கமுமே நம்மவர் நினைவிற்கு வருவன. ஏற்காட்டு மலையடிவாரத்தில், சேலம் நகரை அடுத்து, நூற்றை ஒட்டிய படங்களை ஈன்ற ஒரு தொழிற்சாலை இருந்ததை இற்றை மாணவருள் அறிந்தோர் சிலரே. அதனை நிறுவியவர் டி. ஆர். சுந்தரம்.

அவர் 1907-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 16-ஆம் நாள் திருச்செங்கோட்டிற் பிறந்தார். தந்தையார் இராமலிங்கர் நூல் வாணிகத்திற் பெரும்பொருள் ஈட்டியவர். குலத்தொழிலுக்கு உதவும் எனக் கருதி நெசவுத்தொழிற் கல்வி பயில மகனை இங்கிலாந்து தேயத்து லீட்ஸ் நகருக்கு அனுப்பினார். மகனோ கல்வியோடு கிளாடிஸ் என்னும் ஆங்கில மங்கையையும் வாழ்க்கைத் துணையாகக் கொண்டு மீண்டார். தறியும் நூலும் அவர் நெஞ்சைப் பிணிக்கவில்லை. பேசும்படம் தமிழருக்குப் புதிதாயிருந்த காலம் அது. படம் பிடிக்கக் கல்கத்தாவிற்கும் பம்பாய்க்கும் மூட்டை கட்டிக்கொண்டு செல்லவேண்டியிருந்தது. அவ்வலைச்சலைத் தாமும் பட்டறிந்த சுந்தரம், சேலத்திலேயே ‘மாடர்ன் தியேட்டர்ஸ்’ என்னும் நிலையத்தை அமைத்தார். முதற்படமாகிய ‘சதி அகல்யா’ 1937-இல் வெளிவந்தது. மறு ஆண்டிலேயே மலையாள மொழியின் முதற் பேசும்படமாகிய ‘பாலன்’ அங்கிருந்து புறப்பட்டது.

தமிழ் பயிலும் எமக்கு அவர்பால் தனி அன்பு உண்டாதற்குக் காரணம் ஒன்றுண்டு. பேராசிரியர் சுந்தரம் பிள்ளையவர்கள் 1891-இல் வெளியிட்ட மனோன்மணீயத்தைப் படமாக்கலாம் என்று துணிந்தவர் அவரே. படிப்பதற்கே உரியதென்று பலர் ஒதுக்கிய நாடகம் 1942-இல் சின்னப்பாவும் ராஜகுமாரியும் நடிக்க ‘மனோன்மணி’ ஆயிற்று. பிற்காலத்தில் குண்டலகேசிக் கதையும் ‘மந்திரி குமாரி’ என 1950-இல் உருப்பெற்றது. அதற்கு உரையாடல் எழுதியவர் மு. கருணாநிதி.

இனி, அவரை ஆராய்வோர் கடக்கவியலாத படம் ஒன்றுளது. அது ‘பர்மா ராணி’. இரண்டாம் உலகப்போர் நடந்த நாளிற் பிலிம் சுருள் அரசாங்கத்தின் கையில் இருந்தது; படத்தின் நீளம் 11,000 அடிக்கு மேற்படலாகாது என்பது கட்டளை. போர்முயற்சிக்கு உதவும் படம் எடுத்துத் தருமாறும் முதலாளிகளை அரசாங்கம் நெருக்கியது. மறுத்தாற் சுருள் கிடையாது. சுருளின்றேல் நிலையத்திற் கூலி பெறும் நூற்றுக்கணக்கானோர்க்கு அடுப்பெரியாது. சுந்தரம் 1945-இல் அப்படத்தைத் தந்தார். பர்மாவில் வீழ்த்தப்பட்ட இந்திய விமானவீரரின் கதை அது. வசந்தா தலைவியாக நடிக்க, இயக்கியதோடமையாது பகைவனாகிய ஜப்பானியத் தளபதியின் வேடத்தையும் சுந்தரமே தாங்கினார்.

எம் புளியங்குடிப் பக்கத்திற் போர்க்கதை என்றாற் கும்பினியாரை எதிர்த்த நெற்கட்டும்செவல் பூலித்தேவர் கதையே. அன்னியன் ஆட்சிக்குத் துணையாக எடுத்த போர்ப்படத்தை அக்கதை கேட்டு வளர்ந்தோர் எவ்வாறு மதிப்பது? அடிமைத்தொழில் என்பாரும் உளர். யான் அங்ஙனம் கருதேன். 1942-இல் பர்மாவினின்றும் காடும் மலையும் கடந்து கால்நடையாக மீண்ட தமிழர் எண்ணிறந்தோர். வழியில் மாண்டாரும் பலர். அவர்தம் உற்றார்க்கு அந்நாடு வெறுங் கதைநிலம் அன்று. ஆயினும் ஆட்சியாளரின் குறை எதனையும் அப்படத்திற் காட்ட இயலாது என்பதை மறைத்தற்கில்லை. பின்னாளில், 1970-இல், உருசியரும் இத்தாலியரும் கூடி ‘வாட்டர்லூ’ என்னும் போர்ப்படம் எடுத்தபோது சோவியத்து அரசு பல்லாயிரம் படைவீரரையே நடிக்க அனுப்பிற்று. சேலத்தார்க்கு அரசு அளித்ததோ சுருள் மட்டுமே!

வெளிநாட்டாரோடு கூடிப் படமெடுக்கும் துணிவும் சுந்தரத்திற்கு இருந்தது. அமெரிக்க நிறுவனமொன்றோடு சேர்ந்து 1952-இல் ‘தி ஜங்கிள்’ என்னும் ஆங்கிலப் படம் எடுத்தார். தமிழில் அதன் பெயர் ‘காடு’. பண்டை மாமதங்களாகக் காட்டுதற்கு நம் யானைகளுக்குச் சடைமயிர் போர்த்தினர். வேடிக்கையேயன்றி அதிற் பெருமை காண்பதற்கு அதிகம் இல்லை. 1956-இல் வந்த ‘அலிபாபாவும் நாற்பது திருடர்களும்’ அத்தகையதன்று. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் அதுவே.

நிலையத்தில் அனைவரும் அவரை முதலாளி என்றே அழைத்தனர். நேரந் தவறுவோரை அவர் பொறுப்பதில்லை. நடிகரும் ஆலைத் தொழிலாளர்போல் மாதச் சம்பளம் பெற்றனர். லீட்ஸில் கற்ற ஆலை ஒழுங்கைத் தறியில் ஓட்டாது படத்தில் ஓட்டினார் போலும்.

1963-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 30-ஆம் நாள் அவர் காலமானார். அவருக்குப்பின் மைந்தர் இராமசுந்தரம் துப்பறியும் படங்கள் பலவற்றை எடுத்து நிலையத்தைச் சில்லாண்டு நடத்தினார். இப்போது அங்கே படப்பிடிப்பு இல்லை. ஏற்காட்டுச் சாலையோரம் முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது.